எடைச்சீட்டில் ஒரு பெயர்

வரிசையில் ஒன்பதாவது ஆள்,
அபர்ணா கெர்கெட்டா.
தராசு முள் இருபத்தேழு என்கிறது.
ஈரத்துக்கு இரண்டு, மூட்டைத் துணிக்கு ஒன்று
கழித்து இருபத்துநாலு என்று எழுதுகிறேன்.
கழிப்பது கம்பெனி. கை என்னுடையது.

டுவார்ஸின் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு
குமாஸ்தாவாக வந்து பதினோரு வருஷம்.
சமஸ்கிருதம் படித்தவன் இலை நிறுக்க வந்தால்
இப்படித்தான்,
தினமும் அந்தப் பெயருக்கு முன்னால்
பேனா ஒரு நொடி நிற்கும்.

பர்ணம், இலை.
அபர்ணா, இலை இல்லாதவள்.
வடக்கே தெரியும் பனிக்குப் பின்னால்
ஒருத்தி தவம் இருந்தாளாம்.
சோற்றை விட்டாள், கனியை விட்டாள்,
தானாய் உதிர்ந்த சருகு மட்டும் தின்றாள்.
கடைசியில் அதுவும் வேண்டாம் என்றாள்.
மலைத்துப்போனவர்கள் வைத்த பெயர்.

ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.
நகக்கண் வரை கறை.
"எனக்கு வைத்தது ஆஸ்பத்திரி நர்ஸ், பாபு.
அம்மா சொன்ன பெயர் அவளுக்கு எழுத வரவில்லை."
பிறகு, சிரிக்காமல்,
"எங்கள் குடுக் பேச்சில் இலைக்கு அட்கா.
அது இல்லாமல் ஒருத்தி இருந்தாளா?
அவளுக்குக் கூலி யார் கொடுத்தது?"

டிசம்பரில் கவாத்து.
கத்தி போன இடமெல்லாம்
செடிகள் குச்சியாக நின்றன.
ஜனவரியில் ஓர் இரவு மேனேஜர் ஜீப் ஏறினார்.
காலையில் கேட்டில் பூட்டு,
பூட்டின் மேல் நோட்டீஸ்.

தேயிலைப் பூவை வதக்கித் தின்றார்கள்.
காட்டுக்கிழங்கு தோண்டினார்கள்.
அந்தத் தவத்தை
யாரும் மலைத்துப் பார்க்கவில்லை.

பன்சாலி மளிகைக் கடையின் சிவப்பு நோட்டில்
அவள் பெயருக்குக் கீழே என் பெயர்.
வைகாசி வெயிலில் வந்தாள்,
டயானா ஆற்றில் கல் உடைத்த கையோடு.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்
எண்ணி வைத்தாள். கசங்கிய நோட்டுகள்.
பன்சாலி ஸ்கேல் வைத்துக்
கோடு இழுத்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
அதே சொல்லை ஓர் எழுத்து தள்ளி வெட்டினால்
அப, ருணம்.
கடன் நீங்கியவள்.
உரைக்காரர்கள் இதையும் சொல்லியிருக்கிறார்கள்.
பரீட்சையில் நான் எழுதாமல் விட்டது.

சொல்லலாம் என்று வாய் திறந்தேன்.
நாளைக்கு மூன்று கிலோ, பதினோரு வருஷம்.
அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.
மூடிக்கொண்டேன்.

அவள் உப்பும் தீப்பெட்டியும் ரொக்கத்துக்கு வாங்கி
வெயிலில் இறங்கிப் போனாள்.

பன்சாலி நோட்டை என் பக்கம் திருப்பினார்.
"நிருபம் பாபு,
உங்களுடையது?"