வாக்குமூலத்தில் இல்லாதது

விடியற்காலை மூன்று பத்து.
சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
நாய் குரைக்கவில்லை,
அதனால்தான் விழித்தேன்.
(பிறகு பார்த்தோம், வேலியோரம், வாயில் நுரையோடு.
பாதி தின்ற இறைச்சியில்
கறுப்பு மணிமணியாய் விஷம்.)

கீழே என் டொயோட்டாவை
இரண்டு பேர் சரிவில் தள்ளிக்கொண்டு போனார்கள்,
எஞ்சினை எழுப்பாமல்,
தூங்கும் பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிறவர்கள் மாதிரி
அத்தனை பதமாக.
பதினோரு தவணை பாக்கி அதில்.

மூன்றாமவன் சமையலறையில்.
ஜன்னல் கம்பியை ஜாக்கி கொடுத்து வளைத்திருந்தான்.
நேற்றைய பீன்ஸ் கறியைச்
சட்டியோடு தின்றுகொண்டிருந்தான், நின்றபடி.

துப்பாக்கியோடு நிலைப்படியில் நான்.
பயிற்சிக் கூடத்தில் காகித மனிதனை
நெஞ்சில் ஒன்பது முறை துளைத்தவன்.
காகித மனிதன் மெல்லுவதில்லை.
இவன் தாடை அசைந்தது.
என்னைப் பார்த்த பிறகும் ஒருமுறை அசைந்தது,
வாயில் இருந்ததை விழுங்க.
கையில் கரண்டி.

கரண்டி ஆயுதமா?
வக்கீல் தனபாலன் எப்போதோ சொன்னார்:
உயிருக்கு ஆபத்தென்றால் சுடலாம்,
காருக்கு ஆபத்தென்றால் கூடாது.
முதுகைக் காட்டிவிட்டானா,
உன் கல்யாண மோதிரம் அவன் விரலில் இருந்தாலும்
விட்டுவிடு.

முதுகைக் காட்டினான்.
சட்டைக் கிழிசலில்
எலும்பு முடிச்சு முடிச்சாய்.
கம்பி வளைவில் ஒரு கால், ஒரு தோள்,
அப்புறம் சிக்கிக்கொண்டான்.

சார்ஜன்ட் ம்கீசே கேட்டாள்:
உயிருக்கு அஞ்சினீர்களா?
ஆம் என்று எழுதினேன். பொய்யில்லை.
அந்தத் தாளில் அதற்குமேல் இடமும் இல்லை.
காப்பீட்டுக்காரன் இரண்டாவது சாவியைக் கேட்டான்.
பக்கத்து வீட்டு லோகநாதன்
"கையில வச்சிக்கிட்டா சும்மா விட்ட?" என்றான்,
தேநீரை ஊதிக்கொண்டே.

ஒருவரும் கேட்காதது
அவன் சிக்கியிருந்த நேரத்தை.
பன்னிரண்டு எண்ணியிருக்கலாம்.
எனக்குள் அச்சம் போய்விட்டிருந்தது,
துடைத்துப் போட்டதுபோல.
விரல் மட்டும் விசையைவிட்டு வரவில்லை.
இன்னும் கொஞ்சம்
உள்ளே போயிருந்தது.
ஒன்பதிலோ பத்திலோ
மாடியில் கோகிலம் இருமினாள்.
அவ்வளவுதான் நடந்தது.
கம்பி அவனை விட்டது.
கரண்டியோடு ஓடினான்.

பெட்டகத்துச் சாவி
உரிமம் பெற்றவனிடம்தான் இருக்க வேண்டுமாம்,
அதுவும் சட்டம்.
இன்று காலை அதைக் கோகிலத்திடம் கொடுத்தேன்.
எங்கேயாவது வை.
நான் கேட்டால் சொல்லாதே.
கீழே சத்தம் கேட்குதென்று
சத்தியம் செய்து கேட்டாலும்.