எங்கே என்று சொல்லாமல்

கடை சாத்திய பின்
கல்லாவுக்குப் பக்கத்தில் மடிக்கணினி.
செக்காலை ரோட்டில் கடைசி டவுன் பஸ்ஸும் போயாயிற்று.
எதிரே டப்பாக்களில்
நாளை சிங்கப்பூர் போகும் மனகோலம்.

முதல் வாரம் வெறும் வெள்ளைத் திரை.
ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது.
பிறகு என் கணினி தன்னையே கேட்டுத்
தனக்கே பதில் சொன்னது.
அதுதான் சர்வராம்.
எனக்குத் தெரிந்த சர்வர்
மெஸ்ஸில் தோள்துண்டோடு வரும் மாசிலாமணி.
அவரும் கேட்டதைத்தான் கொண்டுவருவார்.

அட்டவணையில் 'விலாசம்' என்றொரு பத்தி வைத்தேன்,
பார்சல் போக வேண்டுமே.
முதலாளி சோதித்துப் பார்த்தார்:
தெரு இல்லை, ஊர் இல்லை,
'பெரி.சித.அரு.லெ.' என்று
தலைமுறைகளை இட்டு நிரப்பினார்.
இங்கே விலாசம் என்றால் அது.
பத்தியை இரண்டாக்கினேன்.

நேற்று தேவகோட்டை உமையாள்
பள்ளத்தூருக்கு வீடு மாறியதாகப் போன் செய்தார்.
ஒரே வரிதான், மாற்றிவிட்டேன்,
'எங்கே' என்ற சொல்லை எழுதாமல்.

'இருநூற்றுப் பதினேழு வரிசைகள் மாறின'
என்றது திரை, பணிவாக.

பினாங்கு, ஈப்போ, அண்ணா நகர்,
எல்லோரும் ஒரு நொடியில்
பள்ளத்தூர் வடக்குத் தெருவில்
ஒரே வீட்டில் குடியேறிவிட்டார்கள்.
அந்த ஊர் வீடுகள் கொள்ளும்தான்.
கூரியர்காரர் கொள்ளமாட்டார்.

நகல் எடுத்து வைக்கவில்லை.
பில் புத்தகத்தின் கார்பன் தாள்களைப் பிரித்து
விடியும்வரை ஒவ்வொருவராக
ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

மெ.சுப. நாச்சியப்பனின் தாளில் மட்டும்
எண்ணெய் ஊறி எழுத்து அழிந்திருந்தது.
அவர் இன்னும்
பள்ளத்தூரில்தான் இருக்கிறார்.