நாற்பத்தொன்பது

சேலத்துக் கடையில் இந்த மாதமும் அதே பதில்:
"சரக்கு வரலீங்க மேடம். வந்தா முதல் போன் உங்களுக்குத்தான்."
அந்த முதல் போன் எத்தனை பேருக்கு என்று
நான் கேட்பதில்லை.

பெங்களூரில் இருக்கிறதாம், விலை ஒன்றுக்கு இரண்டாக.
ஓசூரைத் தாண்டினால் மாநிலம் மாறும், தாளும் மாறும்.
மனுவுக்கு ஒரு நகல்,
நகலுக்கு ஒரு கையெழுத்து,
கையெழுத்துக்காரர் ஜமாபந்தியில்.

ஆகவே பித்தளையை எண்ணுகிறேன்.

பகலில் காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில்
எடைமேடை என் வேலை.
பெங்களூரா ஏற்றிய லாரி
இருபது கிலோ முன்னே பின்னே இருந்தால்
யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை.
இரவில், நகைப்பட்டறை கழித்துப்போட்ட தராசில்
கூட்டுக்கும் கூட்டுக்கும் அரைக் குண்டுமணி பேதம் என்றால்
தனி டப்பா.

"முந்நூறு மீட்டர்ல அதெல்லாம் காத்து தின்னுடும்"
என்பார் கிளப் செயலாளர் லட்சுமிபதி.
அவர் சாவி திறந்து, பக்கத்தில் நின்றால்தான்
மருந்து நிரப்ப முடியும்.
நின்றபடியே தூங்குவார்.
போன வருஷம் ஒரு விரற்கடையில்
மாநில அணி போனது எனக்கு.
அதைக் காற்று தின்னவில்லை.

தேர்தல் வந்தது. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது.
வீட்டில் மிஞ்சியது கூடுகள் மட்டும்:
நகத்தால் கழுத்தைத் தடவி விரிசல் தேடினேன்,
புளி போட்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்தேன்,
எண்ணினேன்.
நாற்பத்தொன்பது.

மறுபடி.
நாற்பத்தொன்பது.

பர்கூர்ப் பக்கம், கைவிட்ட கிரானைட் குவாரியில்தான்
எங்கள் சுடுதளம்.
போல்ட்டை இழுத்தால் கூடு வலப்பக்கம் துள்ளும்.
வலப்பக்கம் எருக்கு, உடைந்த சல்லி, பாசிநீர்.
இரண்டு ஞாயிறு மண்டியிட்டுத் தேடினேன்.
மூன்றாம் ஞாயிறு
குவாரியின் மேல்விளிம்பிலிருந்து
ஒரு விசில்.

வாட்ச்மேன் திம்மராயன்.
கீழுதட்டில் என் பித்தளை.
கல் திருட வருகிற டிராக்டருக்கு ஒரு ஊது,
காட்டுப்பன்றிக்கு இரண்டு.
ஊத நோகிறதென்று
வாயைப் பாறையில் தேய்த்துச் சரிசெய்திருந்தான்.

"எண்ணிக்கை இடிக்குது," என்றேன்.
சட்டையில் துடைத்துக் கொடுத்தான்,
ஒரு பேச்சில்லை.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
பதினைந்து ரூபாய்க்கு பிளாஸ்டிக் விசில் வாங்கிப்போனேன்.
ஊதிப் பார்த்தான்.
"கண்டக்டராட்டம் இருக்குதுங்க. பன்னி மதிக்காது."

தராசில் வைத்தேன்.
தேய்ந்ததற்கு அப்புறமும்
ஐம்பதிலும் சராசரிக்கு மிக நெருக்கமானது அதுதான்.
சுடுவதற்கு ஆகாது,
கணக்குக்கு ஆகும்.

பதிவேட்டில் ஐம்பது என்று எழுதினேன்.
எழுதுமுன் கதவைச் சாத்திவிட்டு
நானும் ஒருமுறை ஊதினேன்.

பக்கத்து வீட்டு நாய்
எழுந்து நின்றது.