சோயா இரண்டு சொட்டு

எண்ணூர் விரைவுச் சாலையில்
எங்கள் டிரெய்லர் நின்று ஐந்து மணி நேரம்.
முன்னால் நாற்பதடிப் பெட்டி, பின்னால் நாற்பதடிப் பெட்டி,
இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கடல்,
வலப்பக்கம் யாரோ துவைத்துக் காயப்போட்ட
பள்ளிக்கூடச் சீருடைகள்.
என்ஜினை அணைத்தால் வெயில், போட்டால் டீசல் காசு.
அணைத்தே வைத்திருந்தேன்.

அமலதாஸ் அப்போதுதான் சொன்னான்:
"வாய்க்கு இனிப்பா ஒண்ணு பண்ணட்டாண்ணே? பத்தே நிமிசம்."

கிளீனர் வேலைக்கு வந்து மூன்று மாதம்.
அதற்கு முன் ஆறு வருடம் கப்பல் அடுப்படி.
யோகோஹாமாவில் கப்பல் பழுதாகி நின்ற பதினெட்டு நாளும்
துறைமுகத்துக்கு வெளியே ஒரு பலகாரக் கடைக்காரியிடம்
பாத்திரம் கழுவிக் கொடுத்துக் கற்றுக்கொண்டானாம்.
(பாதியை நம்பலாம். காசிமேட்டுக்காரன்.)

தடுப்புச் சுவரோரம் குடை கட்டிய பவுனம்மாளிடம்
நுங்கு எட்டு, பப்பாளி ஒரு கீற்று.
"பழம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"
என்று அவள் கேட்கும்போது இவன்
எலுமிச்சை ஒவ்வொன்றாய் மோந்து கொண்டிருந்தான்.
சாறு வேண்டாமாம். தோல்தான் வேண்டுமாம்.
"தோலுக்குத் தனி ரேட்டு."

சீட்டுக்குப் பின்னால் பம்ப் ஸ்டவ் சீறியது.
டீக்கு வைத்திருந்த கருப்பட்டிச் சில்லு
அரை டம்ளர் தண்ணீரில் கரைந்து, குமிழ் விட்டு,
கம்பிப் பதத்துக்கு வரப் பார்க்கும்போது
சட்டைப் பையிலிருந்து எடுத்தான்
நேற்று ராத்திரி ஃப்ரைடு ரைஸோடு வந்த
சோயா சாஸ் பாக்கெட்.

"டேய், டேய்" என்றேன்.
என் நாற்பத்தேழு வருடத்தில் பாயசத்தில் உப்பு விழுந்தது
மச்சான் டப்பா மாற்றி எடுத்த அன்று மட்டும்தான்.
அவன் காதில் வாங்கவில்லை.
இரண்டு சொட்டு. எண்ணி, இரண்டு.
மூன்றாவது நுனியில் தொங்கியது.
அதை விரலில் வாங்கி நக்கிக்கொண்டான்.

கேபினுக்குள் ஒரு வாசனை எழுந்தது,
கருவாட்டுக்கும் கரும்புக்கும் நடுவே,
இரண்டோடும் சேராமல்.

அங்கே சோயாவை வறுத்து அரைத்துத் தூவுவார்களாம்.
இங்கே நாடார் கடைப் பொட்டுக்கடலை,
பாலிதீனில் கட்டி
ஸ்பேனரின் முதுகால் நுணுக்கியது.
அங்கே அரிசிமாவு உருண்டை. இங்கே நுங்கு.
எலுமிச்சைத் தோலைப் புது பிளேடால்
இழை இழையாகச் சீவினான்.
கறுப்பு எள் வேண்டும், இல்லை, போகட்டும்.
"அப்ப இதுல ஜப்பான் எங்கடா இருக்கு?"
"அளவுலண்ணே" என்றான். "எல்லாம் கொஞ்சமா இருக்குதே, அதுல."

மூன்று டிபன் மூடி. ஒன்று பவுனம்மாளுக்கு.
"நுங்குல போயி மாவக் கொட்டிக்கினு..." என்று
தொடங்கியவள் முடிக்கவில்லை.

நான் முதல் வாய் வைத்தேன்.
நுங்கு வழுக்கியது, பப்பாளி விட்டுக்கொடுத்தது,
பாகு வந்தது, மாவு மேலண்ணத்தில் ஒட்டியது.
எல்லாம் போன பிறகு, தொண்டையோரம்,
யாரோ கதவை மெல்லச் சாத்திப் போவதுபோல்
உப்பு.

இரண்டாம் வாய்க்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஐந்து மணி நேரம் நகராத சனியன் வரிசை!
பின்னால் ஏழெட்டு ஹாரன்.
மூடியை மடியில் இடுக்கி நான் கியர் போட
கடலை மாவு பறந்து
டாஷ்போர்டு மாதாவின் நீல அங்கியில் படிந்தது.
பவுனம்மாள் பக்கவாட்டில் ஓடிவந்தாள், "மூடி! உன் மூடி!"
"நாளைக்கு வாங்கிக்கறேன்" என்றான் அமலதாஸ்.
"நாளைக்கும் இங்கதான நிப்ப" என்று நின்றுகொண்டாள்.

ஜீரோ கேட்டில் காவலர் தாளைப் புரட்டினார்.
முத்திரைக்குப் பக்கத்தில்
பழுப்பாக ஒரு கட்டைவிரல்.
"என்னய்யா இது?"

கிரீஸ் என்றிருக்கலாம். டீ என்றிருக்கலாம்.
"ஜப்பான் சார்."

பெட்டி எண்ணைப் பார்த்தார்.
போய்ச் சேரும் ஊர்: கொழும்பு.
என்னைப் பார்த்தார்.
பிறகு தாளை மூக்கருகே கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
பின்னால் மறுபடி ஹாரன்.