தொலைந்த பொருள் பெட்டி

எங்கள் ஊரில் பள்ளிகள் இரண்டு.
நடுவே ரயில் பாதை, வாரம் இருமுறை சோள வண்டி.
ஹாரிசனுக்குப் பத்துக்கு எட்டு,
மில் தெருவுக்கு நாலு என்று
மாவட்டம் அனுப்பிய தாளை
ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள் லொரெய்ன்.
ஓடெட்டுக்கு ஆகஸ்டில் ஐந்து முடிகிறது.

இரண்டையும் பெருக்குகிறவன் நான்.
மதியம் ஹாரிசன், இருட்டியபின் மில் தெரு.
ஒரே சாவிக்கொத்து.

எட்டில் தரை மின்னும், குழாயில் வெந்நீர் வரும்.
நாலில் மூன்றாம் வகுப்புக் கூரை ஒழுகும்;
வாளி வைத்தவனும் நான்தான்.
எதையும் மறைக்கவில்லை அவளிடம்.

ஆனால் அந்தப் பெட்டி.
ஹாரிசனில் ஜனவரிக்குள் நிரம்பி வழிகிறது:
விலைச்சீட்டு பிய்க்காத கோட்டு,
ஜோடி குலையாத பூட்ஸ்,
ஒருமுறை, பல்லுக்கு மாட்டும் கம்பி.
யாரும் தேடி வருவதில்லை.
ஜூனில் மூட்டை கட்டி ஏற்றிவிடுவேன்.

மில் தெருவில் பெட்டியின் அடிப்பலகை தெரியும்.
போன வியாழன் கிடந்தது
ஒற்றைக் கையுறை, சிவப்பு, கட்டைவிரலில் தையல்.
ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம்.
இறைச்சி ஆலைச் சீருடையில் ஒருத்தி,
தலையெல்லாம் பனி,
மற்றக் கையுறையை அடையாளத்துக்கு
உயர்த்திப் பிடித்தபடி.
"இருக்கா?"

லொரெய்னிடம் சொன்னேன்.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள்.
"அதுக்கு? கூரை ஒழுகுதில்ல?"
ஒழுகுது.

படிவத்தில் பள்ளியின் பெயர் மட்டும்
இன்னும் எழுதவில்லை.
நாளைக்குப் பெரிய வாளியாகப் பார்க்க வேண்டும்.