முதல் சீட்டு

பிளாஸ்டிக் மக்கிலிருந்து
யார் வீட்டுப் பாப்பாவோ எடுத்துக் கொடுத்த சீட்டு.
நாலாய் மடித்திருந்தது. பிரித்தால் ஒன்று.
எட்டு அணி, நாற்பது பையன்கள்,
முதலில் பெயர் சொல்லும் உரிமை எங்களுக்கு.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

கன்னிகாபுரத்தில்
டியூப் லைட் துடிக்கிற சங்க அறையில்
யாரும் கைதட்டவில்லை.
ஏழோ எட்டோ வந்தால் யாரைத் திட்டுவது என்றுதான்
யோசித்து வைத்திருந்தோம்.

"இதுல பேச என்ன இருக்கு, பிலவேந்திரன்"
என்றான் தேவநேசன்.
காசிமேட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறவன்.
அவன் இடது காலைத் தூக்கினால்
கோல் கீப்பர்கள் பந்தைப் பார்ப்பதில்லை,
திரும்பி வலையைப் பார்க்கிறார்கள்.

அப்போதுதான் புளியந்தோப்புக்காரர்கள் வந்தார்கள்.
இரண்டு பேர், ஒரு ஹெல்மெட்.
ஒன்றை எங்களுக்குக் கொடுங்கள்,
எங்கள் நாலையும் பன்னிரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்,
இருபது ஜெர்சிக்கு அச்சுக்கூலியும் எங்கள் செலவு.
சொல்லிவிட்டு வெளியே போய் டீ சொன்னார்கள்,
எங்களுக்கும் சேர்த்து.

நான் மூலக்கடை பெரம்பூர் ஷேர் ஆட்டோ.
ஏர்போர்ட் சவாரி வந்தால் விடாதே என்பார்கள் ஸ்டாண்டில்.
மீனம்பாக்கத்திலிருந்து காலியாய்த் திரும்பும் வண்டியைப் பற்றி
யாரும் பேசுவதில்லை.
பத்துப் பத்து ரூபாயாய் ஏறி இறங்குகிறவர்கள்தான்
என் மகள் ஃபீஸ் கட்டுகிறார்கள்.

போன வருஷம் ஒன்பது கோல் போட்டோம்,
பதினாறு வாங்கினோம்.
என் நோட்டில் இரண்டு கோடு போட்ட பெயர் யோபு.
பி.வி. காலனி. லேபுக்கு ரத்தம் எடுத்துப் போகிற வேலை.
அவன் நிற்கிற பக்கம் ஒன்றும் நடக்காது.
ஒன்றும் நடக்காததற்குக் கைதட்டுகிறவர் இல்லை,
அதனால் மலிவாய்க் கிடைப்பான்.
நாலில் ஒரு நெட்டைக் கீப்பர், ஒன்பதில் யோபு,
பன்னிரண்டில் இன்னொருவன்.
ஒரு ஆள் விலைக்கு ஒரு சுவர்.

ஷகிலா கணக்குப் புத்தகத்தை மூடினாள்.
"ஒன்பது வரைக்கும் அவன் இருப்பான்னு
உங்க நோட்டு சொல்லுது.
பட்டாளத்துக்காரங்க கிட்ட நோட்டு இருக்காதா?"

டீ வந்தது. ஆறியது.
கொடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

வாசலில், செருப்புகளுக்கு நடுவே,
பிலவேந்திரன் நின்றிருந்தான்.
எவ்வளவு நேரமாய் என்று தெரியவில்லை.
அவன் விலையை நாங்கள் சத்தமாகத்தான் பேசியிருந்தோம்.

"ண்ணா, நீங்க ப்ராக்டிஸ் சாயந்திரம்தானே?
புளியந்தோப்புல காலைல அஞ்சரை.
எனக்கு மூணு மணிலேர்ந்து லோடு.
ஒம்பதாகும்."

அவ்வளவுதான் சொன்னான்.
உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்,
ஈரமில்லாவிட்டாலும்.

அது என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஜெர்சிக்கு யார் பணம் தருவார்கள் என்று
ஷகிலா கேட்கவில்லை, பார்த்தாள்.
ஒன்பது மணிக்கு மைக்கில் எங்கள் அணியைக் கூப்பிட்டபோது
நான் சொன்ன பெயர் அவனுடையது.
ஹெல்மெட்காரர் டீக்குக் காசு கொடுத்துவிட்டே போனார்.

யோபு எட்டாவதாகப் போனான்.
பட்டாளம்.

சரியா தப்பா என்று இன்றுவரை கேட்கிறார்கள்.
பிலவேந்திரன் பதினொரு கோல் போட்டான்.
நாங்கள் பத்தொன்பது வாங்கினோம்.
எப்படியோ அரையிறுதி வந்தோம்,
எதிரே பட்டாளம்.
அறுபது நிமிஷம் அவன் இடதுகால் பக்கம்
யோபு நின்றான், ஓடாமல், தொடாமல்,
பந்து வருமிடத்தில் முன்பே வந்து சேர்ந்த ஆளைப் போல.

ஒன்றும் நடக்கவில்லை.

பெனால்டிக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது
என்னையறியாமல் கை தட்டிவிட்டேன்.
தேவநேசன் திரும்பிப் பார்த்தான்.