நாலரை லிட்டர்

வெளியே விசிறி தெரியாத படகு இது.
வயிற்றால் நீரைக் குடித்து
வாலால் துப்பி ஓடும் இனம்.
அடியில் திறந்துவிட ஆணி எட்டாது.
எண்ணெயை மேலிருந்துதான் உறிஞ்ச வேண்டும்,
அளவுக்குச்சி போகும் துளை வழியே,
கொசுவைப் போல.

பத்து ஊபான் கொட்டகையில்
ட்ரெய்லர் மேல் ஏற்றி வைத்திருந்தோம்.
காலை ஒன்பதுக்கே பாலம் வெயிலில் நெளிந்தது.
முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர்.
நிறுத்தும்போது தண்ணீர் முதலில், எஞ்சின் பிறகு.
மாற்றிச் செய்தால் சிலிண்டருக்குள் வெள்ளம்.
நான் சாவியைத் திருப்பி விரலை உயர்த்த
ஹஃபிஸுல் குழாயைத் திறந்தான்.
இரண்டு நிமிடம். எண்ணெய் இளக அது போதும்.

பம்பைப் பதினைந்து தடவை அடித்தேன்.
குழாயில் ஏறி வந்தது
கருப்பு இல்லை. பொன்னும் இல்லை.
மூலைக்கடையில் ஆற்றி ஊற்றுவார்களே,
அந்தத் தே தாரிக்கின் நிறம், நுரையோடு.
"கூராங் மானிஸ், காக்," என்றான் ஹஃபிஸுல்.
சீனி குறைவாம்.
நான் சிரிக்கவில்லை.

போட்டது நாலரை லிட்டர்.
போன மாதச் சீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.
வந்தது ஐந்தே கால்.
கொடுத்ததைவிடக் கூடுதலாய்த் திருப்பித் தருகிறவர்களை
நான் நம்புவதில்லை; எஞ்சினையும்தான்.
முக்கால் லிட்டர் கடல்
எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு வழியே
உள்ளே குடிவந்திருக்கிறது.

கூ பூன் லியோங்குக்குப் போன் போட்டேன்.
பின்னால் காற்பந்துக் கூச்சல்.
மாத்து, என்றார். தெளியலைன்னா இன்னொரு தடவை மாத்து.
நாலு மணிக்கு ஆள் வருது, கோலாலம்பூர்லேர்ந்து.
பாஸ், எஞ்சினுக்குள்ள, என்று தொடங்கினேன்.
"மணி, நீ எண்ணெய மட்டும் பாரு லா."
அவர் பேசியது மலாயில்.
அதட்டலுக்கு எந்த மொழியிலும் ஒரே எடை.

மாற்றினேன்.
இரண்டாம் முறை வடிகட்டியைக் கழற்றும்போது
அடியில் பழைய பனியனைத் திணித்திருந்தும்
மணிக்கட்டு தாண்டி முழங்கை வரை வழிந்தது.
நிறம் பால்கோப்பி.
மூன்றாம் முறை, தேன்.
அவ்வளவு அழகான எண்ணெயை
எந்த நல்ல எஞ்சினிலும் நான் பார்த்ததில்லை.

முதல் பாட்டிலைக் கொட்டாமல்
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
ஏன் என்று ஹஃபிஸுல் கேட்கவில்லை.
மூன்று மணிக்கெல்லாம் அதன் அடியில்
ஒரு விரல் அளவு தண்ணீர் தனியே நின்றது.

நாலே காலுக்கு வந்தார்கள்.
ஒடிசலான மனிதர், ஞானப்பிரகாசம் என்று பெயர்.
கூடவே பத்து வயதிருக்கும் மகள்,
ஆரஞ்சு மிதவைச் சட்டையை
விலைச்சீட்டோடு போட்டுக்கொண்டு.
இன்னைக்கே ஜெரெஜாக்கைச் சுத்தி வரலாமா, என்று
அவள் படகிடம்தான் கேட்டாள்.
அவர் ட்ரெய்லர் டயரை உதைத்துப் பார்த்தார்.
இருக்கையின் தையலைத் தடவினார்.
லியோங் சிரித்துக்கொண்டே இருந்தார்.
குச்சியை உருவி நீட்டினேன்.

"நல்லா இருக்கே. எப்ப மாத்துனது?"

மாதம் இரண்டாயிரத்து நூறு வெள்ளி. ஓவர்டைம் தனி.

"இன்னைக்கு," என்றேன்.
அந்த அளவு தமிழ் லியோங்குக்குத் தெரியும்.
அடுத்த இரண்டு சொல் தெரியுமா,
அது எனக்குத் தெரியாது.
"மூணு தடவை."

அவர் தலையாட்டினார், மரியாதைக்கு.
பிறகு தலை நின்றது.
குச்சி மட்டும் விரல்களுக்கிடையே
மெல்லச் சாய்ந்தது.
மகள் அதற்குள் ஸ்டியரிங்கின் பின்னால்,
வாயால் எஞ்சின் சத்தம் போட்டபடி.

நான் கந்தலை எடுத்துக் கையைத் துடைத்தேன்.
ஹஃபிஸுல் ஜன்னலோரம் போய்
சுத்தம் செய்கிறவன்போல
அந்தப் பாட்டிலை
அரை அடி, வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்தான்.